ஓம் என்று தலையாட்டினால் விளங்கிவிட்டது என்று அர்த்தமில்லை

புதிதாக வந்து இறங்கும் அகதிக் குடும்பங்களுக்கு வழிகாட்டும் அமைப்புகளுக்கும், அவர்களை வரவழைத்துப் பொறுப்பெடுக்கும் குழுக்களுக்கும், ஒட்டாவாவில் உள்ள குடிவரவு, அகதிகள், குடியுரிமைத் துறைக்கும்,

வணக்கம்.

நான் ரொறன்ரோவில் தமிழ் உரைபெயர்ப்பாளராக இருக்கிறேன். வைத்தியசாலை, பள்ளிக்கூடம், சட்ட உதவி அலுவலகம் என்று எங்கே கூப்பிட்டாலும் போகிறவன். இதில் என் மனதுக்கு மிக நெருக்கமான வேலை, வந்து இறங்கி இரண்டு மூன்று நாள்கூட ஆகாத குடும்பங்களுக்கு நீங்கள் நடத்தும் அறிமுக வகுப்புத்தான். இலங்கையிலிருந்து தப்பி, மலேசியாவில் பத்து வருடம், இந்தோனேசியாவில் எட்டு வருடம், பாங்கொக்கில் பாதிக் காலம் ஒளிந்தும் பாதிக் காலம் தடுப்பிலும் என்று காத்திருந்து, கடைசியில் கனடா கூப்பிட்டு வந்தவர்கள் அவர்கள். உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு பக்கமும் சொல்வதை மாற்றிச் சொல்வது என் தொழில்.

அந்தக் கதிரையிலிருந்து பார்த்ததை எழுதுகிறேன். தொழில் இரகசியம் காக்க வேண்டியவன் என்பதால் ஆட்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். அமைப்புகளின் பெயர் எதையும் சொல்லப்போவதில்லை. உங்களில் பலரை எனக்கு நேரே தெரியும். சனிக்கிழமை இரவு தன் சொந்தக் காரின் மேல் மெத்தையைக் கட்டிக்கொண்டு போய் ஒரு வீட்டில் இறக்கினவரைத் தெரியும். உங்கள் அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் சொல்லும் தகவல் போய்ச் சேரவில்லை. அதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

ஒரு காலையைச் சொல்கிறேன். ஆகஸ்ட் மாதம், 9.30 மணிக்கு வகுப்பு. கோடையில் ரொறன்ரோவுக்கும் கோலாலம்பூருக்கும் சரியாக 12 மணித்தியாலம் வித்தியாசம். அந்தக் குடும்பத்தின் உடம்புக்கு அது இரவு 9.30. சின்னவன் தாயின் மடியில் நித்திரை. மூத்தவள் மேசையில் தலையைச் சாய்த்திருந்தாள். தாயின் தோளில், ஐஓஎம் (பயணத்தை ஒழுங்குசெய்யும் சர்வதேச இடப்பெயர்வு அமைப்பு) என்று எழுதிய வெள்ளைப் பிளாஸ்டிக் பை தொங்கியது. அதற்குள்தான் அவர்களுடைய அத்தனை பேப்பரும் இருக்கும். பயணம் அனுப்பும்போது, இந்தப் பையைக் கைவிட்டு விடாதே, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்திரு என்று சொல்லியிருக்கிறார்கள். இனி அதை இறக்கி வைக்கலாம் என்று யாரும் அந்த அம்மாவுக்குச் சொல்லவில்லை. மூன்று நாளாக அதோடேயே சாப்பிட்டு, அதையே தலைமாட்டில் வைத்துப் படுத்திருக்கிறார்.

அந்தக் காலையில் மூன்று மணித்தியாலத்துக்குள் அவர்களுக்குச் சொல்லப்பட்டவற்றை நினைத்துப் பாருங்கள். சமூகக் காப்புறுதி இலக்கம், அதாவது சின் நம்பர். இடைக்கால மருத்துவக் காப்புறுதி, பிறகு வரப்போகும் ஒன்ராறியோ சுகாதார அட்டை. வங்கிக் கணக்கு. மாதாமாதம் வரும் உதவிப் பணம், அது 12 மாதத்தோடு நிற்கும் என்பது. வாடகை ஒப்பந்தம். பிள்ளைகளின் தடுப்பூசி. இலவச ஆங்கில வகுப்பு. பிள்ளைகளை அடிக்கக் கூடாது. 911. நீலப் பெட்டியில் என்ன குப்பை, பச்சைப் பெட்டியில் என்ன குப்பை. பிரெஸ்டோ அட்டையை பஸ்ஸில் எங்கே தட்டுவது. விமானக் கடனை எப்போது திருப்பிக் கட்டுவது. எல்லாவற்றுக்கும் தகப்பனும் தாயும் "ஓம்" என்றார்கள். ஒவ்வொரு ஓமுக்கும் எதிரே இருந்தவர் படிவத்தில் ஒரு சரி அடையாளம் போட்டார். கடைசியில் கையெழுத்து வாங்கினார். தகவல் வழங்கப்பட்டது என்று பதிவாகிவிட்டது.

எங்கள் ஊரில் பெரியவர்களோ அதிகாரியோ ஏதாவது சொல்லும்போது இடையிடையே ஓம் என்பது, 'நீங்கள் கதைப்பதைக் காது கொடுத்துக் கேட்கிறேன்' என்பதற்கு மட்டும்தான். விளங்கியது என்பதும் அதில் இல்லை, சம்மதம் என்பதும் இல்லை. அதோடு, இவ்வளவு தூரம் கூட்டி வந்து சோறு போடுகிறவர்களிடம் 'எனக்கு விளங்கவில்லை' என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறவர்கள் எத்தனையோ பேர். இது எனக்குத் தெரியும். ஆனால் என் தொழில் விதி, சொன்னதை மட்டும் சொல், கூட்டாதே, குறைக்காதே என்பது. ஓம் என்றால் 'யெஸ்' என்று சொல்லிவிட்டு இருப்பேன்.

அந்த விதியைச் சரியாகக் கடைப்பிடித்துத்தான் ஒருவருடைய வாழ்க்கையில் பெரிய இழப்புக்கு நானும் காரணமானேன். அதைச் சொல்லாமல் இந்த மடலை எழுத முடியாது.

அவரைத் தம்பி என்றே சொல்கிறேன். அப்படித்தான் கூப்பிட்டேன். மலேசியாவிலிருந்து தனியாக வந்தவர். மனைவியும் ஒன்பது வயது மகளும் வவுனியாவில். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது கடலேறியவர், பிறகு அவளை போனில் மட்டுமே கண்டவர். விண்ணப்பத்தில் இருவருடைய பெயரையும் முறையாக எழுதியிருந்தார். வகுப்பில், குப்பைப் பெட்டிக்கும் பஸ் அட்டைக்கும் நடுவில் எங்கோ, "ஒன் இயர் விண்டோ" என்று ஒரு வார்த்தை வந்தது. நான் அதை "ஒரு வருடச் சாளரம் ஒன்று இருக்கிறது, அதற்குள் குடும்ப உறுப்பினருக்கு விண்ணப்பிக்கலாம்" என்று சொன்னேன். ஓம் என்றார். சரி அடையாளம் விழுந்தது. அடுத்த விஷயத்துக்குப் போனோம்.

பதினான்கு மாதம் கழித்து ஒரு கிளினிக்கில் வேறு யாருக்கோ உரைபெயர்க்கப் போயிருந்தேன். வாசலில் நின்றார். முகம் மலர்ந்து ஓடி வந்து கையைப் பிடித்தவர் கேட்ட முதல் கேள்வி: "அண்ணை, மனிசியின்ர பேப்பர் எல்லாம் எப்ப வரும்? பேர் குடுத்தனான்தானே?"

பெயர் கொடுத்தால் அரசாங்கமே கூப்பிடும் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மலேசியாவில் அப்படித்தானே? பெயரைப் பதிந்துவிட்டு யூஎன் கூப்பிடும் வரைக்கும் காத்திருப்பது. வருடக்கணக்காக அதில் பழகியவர். காத்திருப்பதில் அவரைவிடக் கெட்டிக்காரர் யாரும் இல்லை.

உங்களுக்குத் தெரியும், வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து அகதியாகத் தெரிவாகி இங்கே வருகிறவர், தன் விண்ணப்பத்தில் பெயர் குறிப்பிட்டு விட்டுவந்த கணவனையோ மனைவியையோ 22 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளையோ, தான் வந்து இறங்கிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் அதே அகதித் திட்டத்தின் கீழ் கூப்பிட விண்ணப்பிக்கலாம். ஆனால் அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். தானாக எதுவும் நடக்காது. வருடம் தாண்டினால் சாதாரண குடும்ப ஸ்பான்சர் வழிதான். அதற்குக் கட்டணம் உண்டு. அதைவிடப் பெரிய தடை, ஊனம் தவிர்ந்த வேறு காரணத்துக்காக வெல்பெயர், அதாவது அரசாங்கத்தின் சமூக உதவிப் பணம் எடுக்கிறவரால் பொதுவாக ஸ்பான்சர் செய்ய முடியாது. முதல் வருட உதவிப் பணம் முடிந்ததும், ஆங்கிலமும் வராமல் வேலையும் கிடைக்காமல் ஒருவர் போய் நிற்கும் இடம் எது? வெல்பெயர். வருடம் முடிகிற அதே கிழமையில் ஒரு கதவு சாத்தி, மற்றக் கதவுக்கும் பூட்டு விழுகிறது.

அதைத் தம்பிக்குச் சொல்ல வேண்டிய வேலையும் எனக்கே வந்தது. கிளினிக்கின் வாசலில், கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். அவர் அழவில்லை. "ஓம்" என்றார்.

அவருடைய கோப்பைப் பிறகு பார்த்தேன். தகவல் தாள் ஆங்கிலத்தில் அதற்குள் இருந்தது, நான்காவது தாள். மடிப்புக்கூடக் கலையவில்லை. யாரும் விதி மீறவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டிய தமிழ் இவ்வளவுதான்: "மனைவியையும் மகளையும் கூப்பிட அடுத்த வருடம் இந்தத் தேதிக்கு முன்னம் நீங்களே பேப்பர் போட வேண்டும். போடாவிட்டால் அவர்கள் வர மாட்டார்கள்." சாளரம் என்று சொன்னேன். அவர் ஊரில் யாரும் ஜன்னலைச் சாளரம் என்று சொல்வதில்லை. சொன்னாலும், ஜன்னலுக்கும் விண்ணப்பத்துக்கும் என்ன தொடர்பு?

இதனால்தான் சொற்களைப் பற்றி உங்களோடு கொஞ்சம் விரிவாகக் கதைக்க விரும்புகிறேன். தமிழில் துண்டுப் பிரசுரம் இருக்கிறது, ஆகவே தமிழருக்குத் தகவல் கிடைத்துவிட்டது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அந்தப் பிரசுரங்களை நான் வாசித்திருக்கிறேன். புதிதாக வந்தவர்கள் இங்கே காலூன்ற உதவுவதைக் குறிக்கும் செட்டில்மென்ட் என்ற சொல்லுக்கு அவற்றில் 'குடியேற்றம்' என்று இருக்கிறது. 'குடியேற்றத் திட்ட அலுவலர் உங்கள் வீட்டுக்கு வருவார்.' கிழக்கு மாகாணத்திலிருந்தோ மணலாற்றுப் பக்கத்திலிருந்தோ வந்த ஒருவருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். குடியேற்றத் திட்டம் என்றால் அவருக்கு, அரசாங்கம் வேறு ஆட்களைக் கொண்டுவந்து தன் காணியில் இருத்தியது. கல்லோயாக் குடியேற்றத்திலிருந்து தொடங்கி மூன்று தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த சொல் அது. உதவி செய்ய வருகிறவரின் பதவிப் பெயராக அதைப் பார்க்கும்போது மனம் என்ன பாடுபடும்!

இன்னொன்று 'விசாரணை'. தகவல் மேசைக்கு 'விசாரணைப் பிரிவு' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள் ஓரிடத்தில். தமிழ்நாட்டுப் பஸ் நிலையத்தில் அது சாதாரணச் சொல். கொழும்பில் பொலிஸ் விசாரணைக்குப் பேர்போன நாலாம் மாடிக்குக் கூட்டிப்போய் விசாரிக்கப்பட்ட ஒருவர் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிப் போனதை நான் கண்டேன். 'பதிவு' என்பதும் அப்படித்தான். 2009இல் வன்னியிலிருந்து வெளியே வந்தவர்கள் ஆமியிடம் பதிந்தார்கள், முகாமில் பதிந்தார்கள், பொலிஸில் பதிந்தார்கள். பதிந்த பிறகு பஸ்ஸில் ஏற்றப்பட்டவர்களில் சிலர் திரும்பவில்லை. 'எல்லாரும் பெயர் பதிய வேண்டும்' என்று நீங்கள் சிரித்துக்கொண்டே சொல்லும்போது அந்தத் தாய் மகனின் கையை ஏன் இறுக்கிப் பிடிக்கிறார் என்று உங்களுக்கு விளங்காது. 'பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்குப் பெயர் கொடுப்போம்' என்று சொன்னால் போதும். பிடி தளரும்.

கையெழுத்தும் அதே கதை. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிபட்ட தமிழர் பலர், தங்களுக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய தாளில் கையெழுத்து வைக்க வைக்கப்பட்டார்கள். அந்தக் கையெழுத்தே பிறகு குற்ற ஒப்புதல் ஆனது. இப்போது இங்கே, வாசிக்கத் தெரியாத ஆங்கிலத் தாளை நீட்டி, இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று விரலால் காட்டுகிறீர்கள். வைக்கிறார்கள். மறுத்தால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது, அதனால் வைக்கிறார்கள். எந்தத் தாளிலும் கையெழுத்து வாங்குமுன் இரண்டு வாக்கியம் சொல்லுங்கள்: இது எதற்கு, வைக்காமல் விட்டால் என்ன. வீட்டுக்குக் கொண்டுபோய் யோசித்து நாளைக்குத் தரலாம் என்றால் அதையும் சொல்லுங்கள். 'நாளைக்குத் தாருங்கள்' என்று அதிகாரி ஒருவர் சொன்னது தன் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். அன்றைக்கு அவர் எழும்பிப் போன நடையே வேறு.

சத்தத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தொடர்மாடிக் கட்டிடங்களில் தீ அலாரம் அடிக்கும். அனேகமாக யாரோ குசினியில் கறி கருக விட்டிருப்பார்கள், அல்லது பரீட்சித்துப் பார்ப்பார்கள். வன்னியிலிருந்து வந்த ஒரு குடும்பம், குடிபோன முதல் கிழமையில் இரவு இரண்டு மணிக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டது. தகப்பன் பிள்ளைகளை இழுத்துச் சாப்பாட்டு மேசைக்குக் கீழே போட்டு, மேலே தான் கவிழ்ந்து படுத்திருக்கிறார். பங்கர் இல்லாத இடத்தில் அவருக்குத் தெரிந்த பாதுகாப்பு அது. உண்மையில் தீ என்றால் அந்தக் குடும்பம் வெளியே வந்திருக்காது. அலாரம் அடித்தால் படியால் இறங்கு, லிஃப்டில் ஏறாதே என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள்தான். ஆனால் அலாரம் எப்படிச் சத்தம் போடும் என்று யாரும் கேட்க வைக்கவில்லை. முதல் நாளே பகல் வெளிச்சத்தில், பிள்ளைகளுக்கு முன்னால், புகை அலாரத்தின் பொத்தானை ஒருமுறை அமுக்கிக் காட்டுங்கள். சிரித்துக்கொண்டு காட்டுங்கள். போனில் திடீரென்று அலறும் அவசர எச்சரிக்கையையும் சொல்லுங்கள். மே மாதம் விக்டோரியா தினத்துக்கும் ஜூலை 1ஆம் தேதி கனடா தினத்துக்கும் வெடி கொளுத்துவார்கள், பயப்பட ஒன்றும் இல்லை என்று முதல் நாளே ஒரு போன் எடுத்துச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை.

பயணத்துக்கு முன்னம் வெளிநாட்டிலேயே ஒரு வகுப்பு நடக்கிறது. கனடாவுக்காக 1998 முதல் ஐஓஎம் அதை நடத்துகிறது. அது நல்ல காரியம். அதில் படித்தவற்றில் என்ன ஞாபகம் என்று வருகிறவர்களிடம் கேட்பேன். குளிர், விமானத்தில் கழிவறை எப்படிப் பாவிப்பது, பிள்ளைகளை அடித்தால் பொலிஸ் வரும். மூன்றும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. உடனே தேவைப்பட்டதும் பயம் தந்ததும் மனதில் நிற்கின்றன. மற்றவை நிற்கவில்லை. மனிதர்கள் அப்படித்தான். வீடு கிடைக்கும் முன்னம் வாடகைச் சட்டம் யாருக்கு ஏறும்?

அதனால் என் முதல் வேண்டுகோள், எல்லாவற்றையும் முதல் கிழமையில் சொல்லாதீர்கள். அந்தக் கிழமைக்குத் தேவை: எங்கே படுப்பது, என்ன சாப்பிடுவது, வருத்தம் வந்தால் யாருக்கு அடிப்பது, கைத்தொலைபேசி, வீட்டாருக்கு வந்து சேர்ந்தோம் என்று சொல்வது. 911க்கு அடித்து 'டமில்' என்ற ஒரு சொல்லைச் சொல்லி லைனிலேயே நின்றால் தமிழ் கதைக்கிற ஒருவரை இணைப்பார்கள் என்பதைச் செய்து பார்க்க வைத்துப் பழக்குங்கள், விளையாட்டுப் போனில் என்றாலும் சரி. பையை இறக்கி வைக்கலாம் என்று சொல்லுங்கள்.

வாடகைச் சட்டத்தை வீடு பார்க்கப் போகிற அன்று காரில் வைத்துச் சொல்லுங்கள். ஒன்ராறியோவில் முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும்தான் வீட்டுக்காரர் கேட்கலாம். ஆறு மாத வாடகையை முன்பணமாகத் தா, சேதத்துக்கு வைப்புப் பணம் தா என்று கேட்க அவருக்கு உரிமை இல்லை. வாய்வார்த்தையில் 'நாளைக்கு எழும்பு' என்று சொல்லியும் யாரையும் எழுப்ப முடியாது, அதற்கென்று தீர்ப்பாயம் இருக்கிறது. வருமான வரியைப் பற்றி மார்ச் மாதம் சொல்லுங்கள். ஒரு சதம்கூட உழைக்காவிட்டாலும் ஏப்ரல் 30க்குள் கணக்கைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜூலையிலிருந்து பிள்ளைகளுக்கான கொடுப்பனவு நின்றுவிடும் என்று அப்போது சொன்னால் ஏறும். இலவசமாக நிரப்பித் தரும் தொண்டர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மண்ணிற உறைகளில் வரும் கடிதங்களைத் திறக்காமல் அலுமாரி நிறைய அடுக்கி வைத்திருந்த ஒரு அம்மாவைக் கண்டிருக்கிறேன். அரசாங்கக் கடிதம் என்று தெரியும், அதனால்தான் பயத்தில் திறக்கவில்லை. பத்தொன்பது உறை. அதில் ஒன்று அவருக்கு வர வேண்டிய பணத்தைப் பற்றியது.

விமானக் கடனும் பயம் சார்ந்த விஷயம். வருகிறவர்களில் பெரும்பாலானோர் தங்கள் பயணச் செலவைக் கடனாகத்தான் பெறுகிறார்கள். 2018இலிருந்து அதற்கு வட்டி இல்லை. முதல் தவணை வந்து ஒரு வருடத்துக்குப் பிறகுதான். கஷ்டம் என்றால் தவணையைக் குறைக்கவும் தள்ளவும் கேட்கலாம். இந்த மூன்றையும் தெளிவாகச் சொல்லாததால், கடன் என்ற சொல்லைக் கேட்ட உடனேயே, பிள்ளைகளின் பாலைக் குறைத்துக் காசு சேர்த்த வீடுகள் இருக்கின்றன. கடனோடு சாகக் கூடாது என்று வளர்ந்தவர்கள். இந்தக் கடனையே இல்லாமல் செய்துவிட வேண்டும் என்பது என் கருத்து. இரண்டு கையும் வெறுமையாக வருகிறவரின் முதல் சொத்து கடனாக இருக்கக் கூடாது. ஆனால் இருக்கும் வரைக்குமாவது அதை ஒழுங்காக விளங்கப்படுத்துங்கள்.

கடவுச்சீட்டு விஷயத்தை யாருமே சொல்வதில்லை. அதைத் துறை கவனிக்க வேண்டும். தாய் செத்துவிட்டார் என்று யாழ்ப்பாணத்திலிருந்து போன் வரும். நிரந்தரவாசி அட்டை கையில் இருக்கிறது. இலங்கைத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டு செத்தவீட்டுக்கு ஓடுகிறார். திரும்பி வந்து சில வருடம் கழித்து, நீ தப்பி வந்த நாட்டின் பாதுகாப்பை நீயே திரும்ப ஏற்றுக்கொண்டாய், ஆகவே நீ இனி அகதி இல்லை என்று வழக்கு வரலாம். 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தால், அந்த வழக்கில் தோற்றால் நிரந்தரவாச உரிமையும் சேர்ந்தே போகும். குடியுரிமை எடுத்தவருக்கு அந்த ஆபத்து இல்லை. தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கப் போகலாமா கூடாதா என்று முடிவெடுக்க வேண்டியவர் அவர். ஆனால் என்ன விலை கொடுக்க நேரலாம் என்று தெரிந்து முடிவெடுக்க வேண்டும். இதை முதல் கிழமையில் சொல்ல வேண்டாம். முதல் வருடத்துக்குள், ஆறுதலாக, தமிழில், கட்டாயம் சொல்லுங்கள்.

அப்புறம், பிள்ளைகளை உரைபெயர்ப்பாளராக்குவதை நிறுத்துங்கள். நான் வரத் தாமதமான ஒரு நாள், பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் தாயின் மாதவிடாயைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள் ஒரு கிளினிக்கில். அந்தப் பையன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். தாய், ஒன்றும் இல்லை, எல்லாம் சுகம் என்று சொல்லச் சொன்னார். சுகம் இல்லை. மூன்று மாதம் கழித்துத்தான் தெரிய வந்தது. தொலைபேசியில் உரைபெயர்ப்பாளரை எடுக்கும் வசதி பல இடங்களில் இருக்கிறது. அதைப் பாவிக்க ஊழியருக்குப் பழக்கமில்லை, அல்லது செலவு என்று மேலிடம் முகம் சுளிக்கிறது. பையன் இலவசம், பக்கத்திலேயே நிற்கிறான். அவனுக்கு ஆகும் செலவை யார் கணக்கெடுப்பது?

இப்போது எங்கள் ஆட்களுக்கும் ஒன்று. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்து வந்தபோது அவர்களுக்கு எந்த வகுப்பும் நடக்கவில்லை. மீனவர்கள் இழுத்துக் கரை சேர்த்தார்கள். அந்தக் காலத்தில் வந்த எல்லோருக்கும் தகவல் என்பது, முன்னம் வந்த ஒருவருடைய குசினி மேசைதான். எங்கே கோட் மலிவு, எந்தத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள், எந்த பஸ், எல்லாம் அங்கேதான் படித்தோம். அந்த மேசைக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். ஆனால் அந்த மேசையில் இருந்துகொண்டு இன்றைக்கு வருகிறவர்களுக்குப் பிழையான வழி காட்டுகிறோம். நாங்கள் இங்கே வந்து இறங்கி, அகதியாக ஏற்கச் சொல்லிக் கேஸ் கொடுத்தவர்கள். அவர்கள் அங்கேயே தெரிவாகி, இறங்கும்போதே நிரந்தரவாசியாக இறங்குகிறவர்கள். 'கேஸ் முடியும் வரைக்கும் வாயைத் திறக்காதே', 'கல்யாணம் கட்டினதைச் சொல்லாதே, பிறகு பார்க்கலாம்' என்று நாங்கள் கொடுக்கும் புத்தி அவர்களை அழித்துவிடும். விண்ணப்பத்தில் மனைவியின் பெயரை மறைத்தவர், பிறகு அந்த மனைவியைக் கூப்பிடவே முடியாமல் போகலாம். தெரியாததை உறுதியாகச் சொல்லாதீர்கள். கீழ்வீட்டுக்கு ஆறு மாத முன்பணம் வாங்குகிறவர்களில், சம்பளத்தைக் காசாகக் கொடுத்து அரைவாசியைப் பிடிக்கிறவர்களில் எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். தமிழில் கதைக்கிறார் என்று நம்பிப் போனவர்களை ஏமாற்றுவது மற்றவன் ஏமாற்றுவதைவிடக் கொடுமை.

ஆனால் அந்தக் குசினி மேசையை அமைப்புகள் தங்கள் பக்கம் எடுத்துக்கொள்ளலாம். மூன்று நான்கு வருடத்துக்கு முன்னம் இதே வழியால் வந்த ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து, புதிய குடும்பத்தோடு ஒரு வருடம் பழக விடுங்கள். தொண்டாக இல்லை, சம்பளத்துக்கு. மலேசியாவில் பத்து வருடம் வேலை செய்ய உரிமை இல்லாமல் ஒளித்து வேலை செய்தவருக்கு, வேலைத் தேடலில் 'முந்தைய அனுபவம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று அதே வழியால் வந்தவர்தான் சொல்லிக் கொடுக்க முடியும். கட்டிட வேலை, உணவகம், தோட்டம் எல்லாம் அனுபவம்தான், எழுதலாம், பிடிக்க மாட்டார்கள் என்று அவர் சொன்னால் நம்புவார்கள். நான் சொன்னாலோ நீங்கள் சொன்னாலோ ஓம் என்பார்கள்.

எழுத்தை நம்பியிருப்பதையும் குறையுங்கள். போரும் இடப்பெயர்வுமாகப் பள்ளிக்கூடமே காணாத தலைமுறை ஒன்று இருக்கிறது. மலேசியாவில் வளர்ந்த அகதிப் பிள்ளைகள் பலருக்கும் அரசுப் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. ஆனால் எல்லோரிடமும் வாட்ஸ்அப் இருக்கிறது. இரண்டு நிமிடக் குரல் பதிவு, ஊர்த் தமிழில், ஒரு விஷயத்துக்கு ஒன்று. திரும்பத் திரும்பக் கேட்பார்கள், வவுனியாவில் இருக்கும் மனைவிக்கும் அனுப்புவார்கள். ஒரு வருடக் கெடுவை இப்படிச் சொல்லியிருந்தால் மனைவியே கணவனுக்கு ஞாபகப்படுத்தியிருப்பார். அந்தக் கெடுவின் தேதியை ஒவ்வொரு கோப்பின் முன்பக்கத்திலும் பெரிதாக எழுதுங்கள். ஆறாம் மாதமும் பத்தாம் மாதமும் யாராவது ஒருவர் போன் எடுத்துக் கேட்க வேண்டும் என்று துறை கட்டாயமாக்கட்டும். சட்டத்தை மாற்றவே வேண்டியதில்லை.

எங்களுக்கும் ஓர் அனுமதி தாருங்கள். உரைபெயர்ப்பாளர் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது என்பது சரி. ஆனால் "இது விளங்கவில்லை என்று நினைக்கிறேன், அவரையே திருப்பிச் சொல்லச் சொல்வோமா?" என்று உங்களிடம் சொல்ல விடுங்கள். சரி அடையாளம் போடுமுன், அவர் தன் வாயால் சொல்லட்டும்: எந்தத் தேதிக்கு முன்னம் என்ன செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன. சொல்ல முடிந்தால் போடுங்கள்.

1979இலிருந்து சாதாரண மக்களே சேர்ந்து அகதிகளை வரவழைக்கலாம் என்று வழி திறந்த நாடு இது. அதற்காக 1986இல், அகதிகளுக்கு உதவுவோருக்கு ஐ.நா. கொடுக்கும் நான்சன் பதக்கம் கனடா மக்கள் அத்தனை பேருக்கும் கொடுக்கப்பட்டது. 2015 நவம்பருக்கும் 2016 பெப்ரவரிக்கும் இடையில், நாலு மாதத்துக்குள் 25,000 சிரியர்களைக் கொண்டுவந்து இறக்கினீர்கள். பெரிய காரியங்களை உங்களால் செய்ய முடியும். நான் கேட்பது அதைவிட எவ்வளவோ சின்னது.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு குடும்பம் வருகிறது என்று எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். தகப்பன், தாய், மூன்று பிள்ளைகள், ஒரு பாட்டி. வகுப்பு வியாழன் காலை 9.30க்கு என்று போட்டிருக்கிறீர்கள். அதை மாலை 7 மணிக்கு மாற்ற முடியுமா? கோலாலம்பூரில் அப்போது காலை 7 மணி, பிள்ளைகளும் முழித்திருப்பார்கள். ஒரு மணித்தியாலம் போதும், மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பாட்டிக்குக் குடிக்கச் சுடுதண்ணீர் வையுங்கள். நான் ஆறரைக்கே வந்துவிடுவேன்.

அன்புடன்,
ரொறன்ரோவிலிருந்து ஒரு தமிழ் உரைபெயர்ப்பாளர்